கும்பகோணத்துல பாட் லாட்ஜ் போடலாமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

நான் கும்பகோணம் பக்கத்துல பழைய வீடுகளை லாட்ஜாவும் ஹோம்ஸ்டேவாவும் மாத்திக் குடுக்குற வேலை பாக்குறேன். இப்பல்லாம் வர்ற போன்ல பாதி "பாட்" (pod) பத்திதான், அதாவது ஒரு ஆள் படுக்குற பெட்டி மாதிரி படுக்கை. யாராவது ஜப்பான் வீடியோ பாத்திருப்பாங்க, இல்லன்னா வெளிநாட்டுல இருக்கிற பையன் ஸ்கீ ரிசார்ட்ல, அதான் பனிச்சறுக்கு ஊர்ல, பாட்ல தங்கிட்டு போட்டோ அனுப்பியிருப்பான், உடனே "தாத்தா வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்கு, அதுல போட்டா என்ன"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க. ஆளாளுக்கு தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதிட்டேன், போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடுங்க.

பாட்னா என்னங்க, ஹாஸ்டல் பங்க் கட்டில்தானே அது?

கிட்டத்தட்ட அதான், ஆனா மூணு பக்கமும் மேலயும் அடைச்சு, உள்ள லைட்டு ஃபேன் சார்ஜர் வெச்சு, வாய்ப்பக்கம் திரையோ ஷட்டரோ போட்டது. 1979ல ஜப்பான்ல ஒசாகாவுல கேப்சூல் இன்னுன்னு திறந்தாங்க, கிஷோ குரோகாவான்னு ஒரு ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணது, அதான் முதல் கேப்சூல் ஓட்டல். கடைசி ரயிலை விட்டுட்டு வீட்டுக்குப் போக முடியாத ஆபீஸ்காரங்கதான் பெரும்பாலும் வந்து படுத்தாங்க. நம்ம நாட்டு ரயில்வேல 2021 நவம்பர்ல மும்பை சென்ட்ரல் ஸ்டேஷன்ல 48 பாட் போட்டாங்க. நாலு சுவர் உள்ள ரூமை விக்காம படுக்குற இடத்தை மட்டும் விக்கிறது, அவ்ளோதான் விஷயம்.

ஸ்கீ ரிசார்ட்ல இருக்கிறதை அப்படியே இங்க கொண்டு வரலாமா? அங்க பனி, இங்க வெயில், எப்படிங்க ஒத்துப்போகும்?

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, ஏன்னா நீங்க நினைக்கிறதை விட ஒத்துப்போகும். பனிச்சறுக்கு ஊர்ல இடம் கம்மி, சீசன் கம்மி, வந்தவன் விடியக்காலையில மலைமேல ஏத்திவிடுற மொத லிஃப்ட்டை புடிக்கணும்னு எழுந்து ஓடுவான், நாள் பூரா மலையில இருப்பான், ராத்திரி நனைஞ்ச பூட்ஸு கையுறையோட திரும்பி வந்து பொத்துன்னு விழுந்து தூங்குவான். அதனால அங்க உருப்படியா பிளான் பண்றவங்க படுக்கைக்கு முன்னாடி யோசிக்கிறது ஈரத்தை காய வைக்கிற ரூமு, பூட்ஸ் வைக்கிற இடம், பெரிய லாக்கர், இதைத்தான். இப்ப நம்ம ஆளைப் பாருங்க. உழவன் எக்ஸ்பிரஸ்ல விடியக்காலையில வந்து இறங்குறாரு, குளிக்கணும், நவகிரகம் ஒன்பதும் சுத்தணும், திருநள்ளாறுல நள தீர்த்தத்துல முங்கி எழுந்த ஈர வேட்டியை பிளாஸ்டிக் பைல சுருட்டிக்கிட்டு ராத்திரி வந்து சேருவாரு. பனிக்கு பதிலா தீர்த்தம், மத்தபடி அதே ஆளு அதே அலுப்பு.

ஆனா ரெண்டு விஷயத்துல மாறும். ஒண்ணு, அங்க வெளிய குளிரு உள்ள சூடு, ஆள் மூச்சுல வர்ற ஈரம் வெளிச்சுவர்ல போய் வேர்க்கும், அதுக்கு சுவர்ல இன்சுலேஷன் போடுவாங்க. இங்க தலைகீழு, ஏசி போட்ட ஹாலுக்குள்ள வெளிய இருக்கிற ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்து புகுந்தா குளிர்ந்த இடத்துல எல்லாம் வேர்த்து மெத்தைக்கு அடியில பூஞ்சை புடிக்கும். அதனால அந்த ஊர் பிளானை வரி வரியா காப்பி அடிக்காதீங்க. ரெண்டாவது விஷயம் இன்னும் பெருசு, தனி கேள்வியாவே போட்டுருக்கேன்.

மத்தியானம் என்ன பண்றது?

இதை யாருமே கேக்க மாட்டாங்க, நானே கேட்டு நானே பதில் சொல்றேன். ஸ்கீ ஊர்ல பகல்ல படுக்கை காலி, நிம்மதியா கூட்டிப் பெருக்கலாம், பெட்ஷீட் மாத்தலாம். நம்ம ஊர்ல கோயில் நடை பன்னெண்டு பன்னெண்டரைக்கு சாத்துவாங்க, திரும்ப நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க. அந்த நடுவுல சித்திரை வெயில்ல எங்க போவாங்க? நேரா உங்க லாட்ஜுக்குத்தான் வருவாங்க, சாப்பிட்டுட்டு காலை நீட்டணும்னு. அதாவது ஏசி அதிகமா இழுக்குற நேரத்துலயே ஹவுஸ்ஃபுல்லும் ஆகுது, நீங்க சுத்தம் பண்ணலாம்னு வெச்சிருந்த நேரமும் போச்சு. சுத்தம் பண்றதை காலைல எட்டுலேருந்து பதினொண்ணுக்குள்ள முடிச்சிடணும். அதோட பாட்டுக்கு வெளிய, கூடத்துலயோ தாழ்வாரத்துலயோ பாய் விரிச்சு சாயுற மாதிரி ஒரு பொது இடம் கட்டாயம் வேணும். மத்தியானத் தூக்கத்துக்கு பொந்துக்குள்ள போய் படுக்க நம்ம ஆளுங்க பிரியப்பட மாட்டாங்க, நாலு பேரோட பேசிக்கிட்டே கண் அசரத்தான் பாப்பாங்க. இந்த இடத்தை முழுங்கி இன்னும் நாலு பாட் போடலாமேன்னு கேட்டவங்க உண்டு. வேணாங்க.

எங்க வீடு 22 அடி அகலம், 110 அடி நீளம், பழைய ஓட்டு வீடு. எத்தன பாட் புடிக்கும்?

தஞ்சாவூர் ஜில்லா பூரா இந்த அளவுதான், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு, கொல்லைன்னு ரயில் பெட்டி மாதிரி நீண்டுக்கிட்டே போகும். பாட் வெளி அளவு சுமாரா 7 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம்னு வெச்சுக்குங்க. கூடம் 30 அடி இருந்தா ரெண்டு சுவரோரமும் ஆறு ஆறா நிறுத்தலாம், நடுவுல ஆறடி நடைபாதை வரும், மேல கீழன்னு அடுக்கினா 24. பேப்பர்ல இது அழகா இருக்கும். நேர்ல போய் பாத்தா ஓட்டுச் சரிவு சுவரோரம் தாழ்ந்து வரும், மேல் பாட்டுல ஏறுறவன் தலை ரீப்பர் கட்டைல இடிக்கும், ஓட்டுக்கு நேர் கீழ படுத்தா ஏப்ரல் மே மாசத்துல வெந்துடுவான். அதனால சரிவு பக்கம் கீழ் வரிசை மட்டும் போடுங்க, உயரம் கிடைக்கிற இடத்துல மட்டும் ரெண்டடுக்கு. 14லேருந்து 16 வரும், அதுவே நல்ல கணக்கு.

முற்றத்தை மட்டும் தொடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்குறேன். "மழைத்தண்ணி உள்ள வருது"ன்னு மேல பாலிகார்பனேட் ஷீட்டு போட்டு மூடுறாங்க, அந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே நுரையீரல் அதான். மூடினீங்கன்னா சூடு மேல போக வழியில்லாம வீடே வெந்நீர் அண்டா ஆயிடும். கம்பி வலை போடுங்க, தண்ணி போக தூம்பை சரி பண்ணுங்க, போதும்.

பாட்டுக்குள்ள மூச்சு முட்டாதா?

முட்டும், சரியா பண்ணலன்னா கட்டாயம் முட்டும். கணக்கை பாருங்க. தூங்குற ஒரு ஆள் மணிக்கு சுமார் 12, 13 லிட்டர் கரியமில வாயு வெளிய விடுறாரு. பாட்டுக்குள்ள இடம் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் உயரம்னா மொத்தமே 2,200 லிட்டர்தான். இதை இறுக்கி மூடினா ஒரு மணி நேரத்துல உள்ள இருக்கிற அளவு 5,000, 6,000 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கிற கணக்கு) ஏறிடும், வெளிக்காத்துல இருக்கிறது 420 சொச்சம். உடனே உயிருக்கு ஆபத்துன்னு இல்ல, ஆனா தலை பாரமா எழுந்திருப்பாரு, "என்னமோ இந்த லாட்ஜுல தூக்கமே வரலை"ன்னு போற இடமெல்லாம் சொல்லுவாரு. 1,000 பிபிஎம்முக்குள்ள வைக்கணும்னா ஒரு பாட்டுக்கு மணிக்கு 20லேருந்து 25 கன மீட்டர் புதுக்காத்து வேணும். இது ஒண்ணும் பெரிய அளவு இல்ல, கம்ப்யூட்டர் பெட்டில வர்ற 120 மில்லிமீட்டர் 12 வோல்ட் ஃபேன் ஒண்ணு மெதுவா ஓடினாலே தாராளம், சத்தமும் வராது.

ஆனா அந்த ஃபேன் காத்தை எங்கேருந்து எடுத்து எங்க விடுதுங்கிறதுதான் கேள்வி. பாட்டுக்குள்ள இருக்கிறதை ஹாலுக்கு தள்ளி ஹால்ல இருக்கிறதை பாட்டுக்குள்ள தள்ளினா ராத்திரி பூரா எல்லாரும் ஒரே மூச்சை மாத்தி மாத்தி இழுத்துக்கிட்டு இருப்பாங்க. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராதுங்க, உள்ள இருக்கிறதையே குளிர வெச்சு திரும்ப குடுக்கும், இது இஞ்சினியர் படிச்ச சிலருக்கே தெரியல. பாட்டோட பின்பக்கம் ஒரு டக்ட், அதான் காத்துக்குழாய், ஓட்டி ஒரு பொது எக்ஸாஸ்ட் மூலமா கொல்லைப்பக்கம் தள்ளிடுங்க, ஹாலுக்கு இன்னொரு பக்கத்துலேருந்து கொசுவலை போட்ட வழியா புதுக்காத்து வரட்டும். குளிர்ந்த காத்து கொஞ்சம் வீணாப்போகும், கரண்ட் பில்லு கூடும், அதை வாடகையில சேத்துக்குங்க.

ஏசி எத்தன டன் போடணும்?

ஆள் சூடே ஒருத்தருக்கு கிட்டத்தட்ட 80, 100 வாட் வரும், 16 பேர்னா அதுக்கே அரை டன்னு கிட்ட போயிடும். மீதி உங்க கூரையையும் சுவரையும் பொறுத்தது, வந்து பாக்காம நம்பர் சொல்றவரை நம்பாதீங்க.

ஈரத்துணிக்கு கொடி கட்டி விட்டா போதாதா?

கொடி எங்க கட்டுவீங்கங்கிறதுதான் பிரச்சினை. பிழிஞ்ச வேட்டியோ புடவையோ துண்டோட சேத்து அரை லிட்டர் தண்ணிக்கு குறையாம புடிச்சு வெச்சிருக்கும். 20 பேர் துணியும் ஹாலுக்குள்ள காஞ்சா பத்து லிட்டர் தண்ணி காத்துல கலக்குது, அது அப்புறம் மெத்தைலயும் தலகாணிலயும்தான் போய் உக்காரும். நீங்க கொடி கட்டலன்னா அவங்களே பாட் திரைக் கம்பில, ஏணிப்படில, லைட்டு மேல கூட போடுவாங்க, விபூதி வாசனையும் ஈர வாடையும் சேந்து ரெண்டே நாள்ல ஹால் நாத்தம் புடிச்சிடும். ஸ்கீ ஊர்லேருந்து முழுசா எடுத்துக்க வேண்டியது இந்த காய வைக்கிற ரூமைத்தான். பின்கட்டுல ஒரு சின்ன ரூம், எட்டுக்கு எட்டு இருந்தாக்கூட போதும், தரை டைல்ஸ் சரிவா, நடுவுல தண்ணி போக ஜாலி, மேல வரிசையா கம்பி, ஒவ்வொரு கம்பிக்கும் பாட் நம்பர், பலமான எக்ஸாஸ்ட் ஒண்ணு, மழை மாசத்துக்கு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்குற டிஹியூமிடிஃபையர் ஒண்ணு. ரூம் வாசல் பாத்ரூமை ஒட்டி இருக்கணும், ஹால் வழியா ஈரத்துணியோட நடந்து வர வேண்டிய மாதிரி இருந்தா அந்த ரூமை யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க.

பாத்ரூம் எத்தன?

விடியக்காலைல நாலேகாலுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க, அதை வெச்சு கணக்கு போடணும். ஆறு பேருக்கு ஒரு டாய்லெட், தனியா ஒரு குளியல் ரூம், ரெண்டையும் ஒரே கதவுக்குள்ள போட்டா க்யூ ரெட்டிப்பாகும். கை கழுவுற பேசினை வெளிய வரிசையா வைங்க. சுடுதண்ணி மார்கழிக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க, வயசானவங்க வருஷம் பூரா கேப்பாங்க. உங்க தெருவுல பாதாள சாக்கடை இணைப்பு இருக்கான்னு மொதல்ல பாருங்க. செப்டிக் டேங்க்தான்னா, டெல்டாவுல மழைக்காலத்துல நிலத்தடி தண்ணி மேல ஏறி டேங்க் தண்ணி மண்ணுல இறங்காது, நவம்பர்ல 16 பேரை வெச்சுக்கிட்டு லாரியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

தீ பிடிச்சா?

கும்பகோணத்துல உக்காந்துக்கிட்டு இந்தக் கேள்வியை லேசா எடுத்துக்க முடியாது. 2004 ஜூலை 16, இங்க பள்ளிக்கூடத்துல தீ பிடிச்சு 94 குழந்தைங்க போயிட்டாங்க. அன்னிக்கு கூரை, குறுகலான வழி, ரெண்டும் சேந்து என்ன செஞ்சுதுன்னு இந்த ஊருக்கே தெரியும்.

பாட்டுல ஆபத்து எங்கன்னா, பாக்க ஸ்பேஸ்ஷிப் மாதிரி இருக்கணும்னு பிளாஸ்டிக், ரெக்சின், தெர்மாகோல், ஃபோம்னு ஒட்டுறாங்க, இதெல்லாம் எரியும்போது வர்ற புகைதான் மொதல்ல கொல்லும். நம்ம ஊர் வெல்டிங் பட்டறைலயே இரும்பு ஸ்கொயர் டியூப்ல சட்டம் அடிச்சு சிமெண்ட் ஃபைபர் போர்டு வெச்சு மூடச் சொல்லுங்க, அழகு கொஞ்சம் கம்மி, நெருப்பு புடிக்காது. வாய்ப்பக்கம் துணித்திரையோ மேல சுருட்டுற ஷட்டரோ போதும், பூட்டு வேணாம், ஜப்பான்லயும் கேப்சூலுக்கு பூட்டு கிடையாது. ஒவ்வொரு நாலு பாட்டுக்கும் ஒரு ஸ்மோக் டிடெக்டர். எல்லாத்தையும் விட முக்கியம் கொல்லைக் கதவு. நீளமான வீட்டுல வாசல்ல தீ வந்தா பின்னாடி ஒண்ணுதான் வழி, அந்தக் கதவை உள்ளேருந்து தள்ளினா திறக்கிற மாதிரி மாத்துங்க, அங்க சிலிண்டர், பழைய கட்டில், தேங்கா மட்டை எதையும் அடுக்காதீங்க. கொல்லைலேருந்து பின் தெருவுக்கு வழி இல்லாத வீடுன்னா நான் பாட் போட்டுக் குடுக்க மாட்டேன், வேற ஆளைப் பாத்துக்குங்க.

கரண்ட் போச்சுன்னா?

பாட்டுக்குள்ள 230 வோல்ட் பிளக் பாயிண்டே வைக்காதீங்க. லைட்டு, ஃபேன், யூஎஸ்பி சார்ஜர் எல்லாம் 12 இல்ல 24 வோல்ட் டிசி. ஈரக்கையோட தொட்டாலும் பயமில்ல, ஒரு பாட்டுக்கு 20, 25 வாட்டுக்கு மேல போகாது, அதுக்கு ஏத்த அளவு இன்வெர்ட்டர் பேட்டரி போட்டா ராத்திரி பூரா தாங்கும். பாத்ரூம் லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா உடனே லைனை துண்டிக்கிற சுவிட்ச், கட்டாயம். ஏசி நின்னாலும் எக்ஸாஸ்ட் நிக்கக் கூடாது, அதை இன்வெர்ட்டர் லைன்லயே குடுத்துடுங்க. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் நாள் கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தது ஞாபகம் இருக்கும், அதுக்கு இன்வெர்ட்டர் பத்தாது, ஜென்செட் வாடகைக்கு தர்றவர் நம்பராவது கையில வெச்சுக்குங்க.

பொம்பளைங்க தனியா வந்து தங்குவாங்களா?

தனி ஹால், தனி பாத்ரூம், அது அந்த ஹாலுக்குள்ளயே இருக்கணும், முற்றம் தாண்டி நடக்க வைக்கக் கூடாது, ராத்திரி கவுண்டர்ல ஒரு அக்கா இருக்கணும். இதெல்லாம் இருந்தா வருவாங்க. பிங்க் பெயிண்ட் அடிச்சு "லேடீஸ்"னு போர்டு மாட்டினா மட்டும் வர மாட்டாங்க.

குடும்பத்தோட வர்றவங்களுக்கு?

பாட் சரிவராதுங்க. நம்ம ஊருக்கு வர்றதுல பெரும்பாலும் குடும்பம்தான், பாட்டிக்கு முட்டி வலி, கைக்குழந்தை, அம்மாவுக்கு எல்லாரும் ஒரே ரூம்ல கண்ணு முன்னாடி படுக்கணும். ஏணி ஏறி பொந்துல படுன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா? ரெண்டு மூணு சாதா ரூமாவது வீட்டுல விட்டு வைங்க.

அப்ப பாட்டுக்கு யார்தான் வருவாங்க?

தனியா நவகிரகம் சுத்துற இளவட்டம், மெடிக்கல் ரெப்பு, பரீட்சை எழுத வர்ற பசங்க, முகூர்த்த நாள்ல மண்டபத்துல இடம் பத்தாம வழியுற மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸு. இதுல யாரும் கண்டுக்காத ஆளு ஒருத்தர் இருக்காரு, டிரைவர். சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடின்னு நாள் பூரா டெம்போ டிராவலர் ஓட்டிட்டு ராத்திரி சீட்டை சாய்ச்சு கொசுக்கடில படுத்துக் கெடப்பாரு, மறுநாள் அவர் கையிலதான் பன்னெண்டு பேர் உயிரு. 2023ல தமிழ்நாடு அரசு கட்டட விதியில திருத்தம் கொண்டுவந்து ஓட்டல், லாட்ஜுல டிரைவருங்க தங்க டார்மிட்டரி இருக்கணும்னு சொல்லுச்சு. உங்க பாட்ல நாலை டிரைவருக்குன்னு குறைஞ்ச வாடகைக்கு ஒதுக்குங்க. தர்மத்துக்கு சொல்லல, அவர்தான் அடுத்த வண்டி ஜனத்தை உங்க வாசல்ல கொண்டு வந்து இறக்குவாரு.

2028 மகாமகத்துக்குள்ள முடிச்சா போட்ட காசை எடுத்துடலாமா?

போன மகாமகம் 2016, அடுத்தது 2028, எல்லாரும் இதே கணக்குலதான் இருக்காங்க. அந்தப் பத்து நாள்ல திண்ணையை வாடகைக்கு விட்டாக்கூட ஆள் வரும், அதுக்கு பாட் எதுக்கு? ஆடி மாசத்து செவ்வாய்க்கிழமை எத்தன படுக்கை நிறையும்னு கணக்கு போட்டு அதுல லோன் கட்ட முடிஞ்சா இறங்குங்க.

லைசென்ஸ், வரி?

வீட்டை வணிகக் கட்டடமா மாத்துறதுக்கு 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி பிளான் அப்ரூவல், கும்பகோணம் டவுன்னா மாநகராட்சில தொழில் உரிமம், தீயணைப்புத் துறை தடையில்லா சான்று, ஈபில வணிக டாரிஃப் மாத்தணும். தங்குறவங்க ரெஜிஸ்டர் கட்டாயம், வெளிநாட்டுக்காரங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் ஏத்தணும். வருஷ வருமானம் 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு, 2025 செப்டம்பர் 22லேருந்து 7,500 ரூபா வரைக்கும் உள்ள வாடகைக்கு 5 சதவீதம். ஒரு நல்ல ஆடிட்டரைப் புடிச்சுக்குங்க, இதுக்கு மேல எனக்கு பொறுமையில்ல.

லாக்கர் எவ்ளோ பெருசு?

கேபின் சூட்கேஸ் ஒண்ணு படுக்க வைக்கிற அளவு. சின்ன லாக்கர் வெச்சா பெட்டி எல்லாம் நடைபாதைல வந்து நிக்கும், அப்புறம் நான் மேல தீ பத்தி எழுதினது எல்லாம் வீண். பூட்டு அவங்களே கொண்டு வரட்டும், சாவி தொலைஞ்ச பஞ்சாயத்து உங்களுக்கு வேணாம்.

குறட்டை?

மருந்து இல்ல. கவுண்டர்ல காதுல வைக்கிற பஞ்சு குடுங்க, குறட்டை விடுறேன்னு தானா ஒத்துக்கிற நல்ல மனுஷனுக்கு கடைக்கோடில இருக்கிற பாட்டை குடுங்க.

ரெடிமேடா இறக்குமதி பண்ற பாட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா மூணு கேள்வி கேளுங்க: எந்த மெட்டீரியல், தீயில டெஸ்ட் பண்ண சர்டிபிகேட் காட்டுவாங்களா, ஃபேன் காத்தை எங்க விடுது. உள்ள கண்ணாடி, கலர் லைட்டு, டிவின்னு காட்டி பேச்சை மாத்தினா கிளம்பி வந்துடுங்க. இன்னொண்ணு, மூட்டைப்பூச்சி. இடுக்கும் ஜாயிண்டும் அதிகமா இருக்கிற பாட்டுல ஒரு தடவை அது ஏறினா இறக்கவே முடியாது, அதனால மெத்தைக்கு ஜிப் வெச்ச வாட்டர்ப்ரூஃப் உறை, அடிப்பலகை தூக்கி எடுக்கிற மாதிரி. இலவம்பஞ்சு மெத்தை வேணாம், நம்ம ஈரத்துக்கு கட்டி கட்டியா ஆயிடும், நாலு இஞ்ச் ஃபோம் போதும்.

சாப்பாடு போடணுமா?

வேணாம். தெரு முனைல மெஸ் இருக்கு, அவங்க பொழைக்கட்டும். காலைல நாலு மணிக்கு ஒரு டிகிரி காபி மட்டும் குடுங்க, அந்த நேரத்துல வேற எங்கயும் கிடைக்காது.